பெயர் பிழையாக அச்சான நாளில்

லெட் செப்பெலின் ராக் குழுவின் ரசிகர்கள் அவரவருக்குப் பிடித்த ஒரு கச்சேரியைத் தூக்கிப்பிடிப்பார்கள். எனக்கென்னவோ 1968 டிசம்பர் 30 அன்று, அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில், கொன்சாகா பல்கலைக்கழக அரங்கில் கூட்டத்திலிருந்து யாரோ பிடித்துவைத்த ஒலிநாடாதான் உசத்தி. அன்றைய நாயகர்கள் வனில்லா ஃபட்ஜ் குழுவினர். லெட் செப்பெலின் முன்னால் வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியவர்கள். முதல் ஆல்பமே கடைக்கு வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. விளம்பரத்தில் 'லென் ஜெஃப்லின்' என்று அச்சாகியிருந்தது. அன்றைக்கு அதைத் திருத்திக் கேட்கவும் ஆள் இருந்திருக்காது. ஒலித்தரம் சுமார்தான், மறுக்கவில்லை. ஆனால் நட்சத்திரம் வந்துவிட்டது என்ற ஆர்ப்பரிப்பு இல்லாத கூட்டத்தின் முன் இருபது வயது ராபர்ட் பிளான்ட் குரலை உச்சத்துக்கு ஏற்றும்போது, வந்த வாய்ப்பை விடமாட்டேன் என்கிற வெறி கேட்கிறதே, அது பிற்காலப் பிரம்மாண்ட மேடைகளில் எனக்குக் கிடைத்ததில்லை. டிரம்மர் ஜான் பான்ஹமுக்கும் அதே வயதுதான். பின்னால் 'மோபி டிக்' என்று புகழ்பெற்ற அவருடைய தனி ஆவர்த்தனம் அப்போது மனைவி பாட்டின் பெயரைத் தாங்கியிருந்தது. 2014-இல் முதல் ஆல்பத்தை மறுபடி வெளியிட்டபோது 1969 பாரிஸ் கச்சேரியைக் கூடவே சேர்த்தார் குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ். கள்ளப்பதிவாகக் கைமாறிக்கொண்டிருக்கும் இந்த ஸ்போகேன் நாடாவுக்கும் அவர் மனம் வைக்க வேண்டும். கரகரப்பை மட்டும் துடைத்துவிடாமல்.