காடு இருந்தால்தான் காளை

உயிரினங்கள் தாம் வாழும் சூழலுக்கேற்ப அமைகின்றன என்பது நாம் விலங்கியல் வகுப்பில் கற்கும் பாடம். சான்று கேட்டால் பாலைவன ஒட்டகத்தையும் பனிநிலக் கரடியையும் எழுதி மதிப்பெண் பெற்று விடுகிறோம். காங்கயம் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கூட வழியில் தாம் காணும் கொறங்காட்டை எழுதுவதில்லை. அதனினும் சிறந்த சான்று நம் கொங்கு நாட்டில் உண்டோ?

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்கு மலைகள் தடுத்துக் கொள்வதால் காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரங்களில் மழை குறைவு. மண்ணோ சரளை கலந்தது. இத்தகைய நிலத்தில் நம் முன்னோர் மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்த காடுதான் கொறங்காடு.

அங்குள்ள கொழுக்கட்டைப் புல் கோடையில் செத்தது போல் கிடக்கும்; ஆனால் வேர் உயிரோடிருக்கும். ஒரு மழை பெய்தால் துளிர்த்துவிடும். வெள்வேல மரம் தன் இலைகளைச் சிறுசிறு துணுக்குகளாக்கி நீர் இழப்பைக் குறைக்கிறது. புல் அருகிய கோடையில் அதன் காய்கள் மாட்டுக்குத் தீனியாகின்றன. தின்ற மாடு வலிய விதைகளைச் சாணத்தோடு வேறிடத்தில் விதைத்துவிடுகிறது! வேலியாய் நிற்கும் கிளுவையோ வறட்சியில் இலையுதிர்த்து, முள்ளும் தண்டுமாய்க் காலந்தள்ளும்.

இவற்றினிடையே உருவானதே காங்கயம் மாடு. அதன் வெளிர்ந்த குறுமயிர் வெயிலைத் திருப்பி விடுகிறது.  காய்ந்த புல்லைக் கொண்டே வண்டியும் ஏரும் இழுக்கும் வலிமை அதற்குண்டு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் இவ்வினத்தைப் பேணி வளர்த்தது யாவரும் அறிந்ததே.

ஆக, தகவமைப்பு என்பது ஓர் உயிரின் தனித்திறன் அன்று. புல், மரம், வேலி, மாடு, ஒரு காட்டை மேயவிட்டு மறு காட்டுக்கு ஓய்வு தரும் உழவர் ஆகிய அனைவரும் சேர்ந்து செய்து கொண்ட ஏற்பாடு அது. இதில் ஒன்றைப் பிரித்தெடுத்து மற்றதைக் காக்க முடியாது.

2017 ஜனவரியில் காளைக்காகக் கோவை வ.உ.சி. மைதானத்தில் மாணவர் திரண்டனர். அந்த உணர்வைப் போற்றுகிறேன். ஆனால் காளை மேய்ந்த காடு வீட்டுமனையாகவும் தொழிற்கூடமாகவும் மாறும்போது நாம் ஏன் வாய் திறப்பதில்லை? கொட்டிலில் கட்டித் தவிடும் பிண்ணாக்கும் போட்டு வளர்த்தால் காங்கயம் மாடு என்ற பெயர் இருக்கும். அதை உருவாக்கிய வாழ்க்கை இராது.

“கலப்பின மாடு பால் அதிகம் தருகிறதே, டிராக்டர் உழுகிறதே, பின் காளை எதற்கு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வயிற்றுப்பாட்டுக்காகக் காட்டை விற்கும் உழவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் பால் மிகத் தரும் மாடு தீனியும் தண்ணீரும் மிகக் கேட்கும். கடும் வெயிலையும் எளிதில் தாங்காது. மழை பொய்க்கும் ஆண்டில் ஈடுகொடுப்பது எது என்பதையும் கணக்கிட வேண்டாமா?

கொறங்காட்டைத் தரிசு என்று எண்ணும் வழக்கம் ஒழிய வேண்டும். அதைக் காப்பவர்க்கு அரசு ஊக்கத்தொகை தர வேண்டும். நம் தாவரவியல், விலங்கியல் துறைகள் ஆண்டுக்கொரு முறையேனும் மாணவரை அங்கே அழைத்துச் சென்று, எஞ்சியுள்ள புல்லையும் மரத்தையும் பதிவு செய்ய வேண்டும். தேர்வுத்தாளில் ஒட்டகம் இருக்கட்டும். நம் காட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம்.