ஓடிய தூரத்தை மறைக்கலாமா?

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்வோரில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குவோர் பலர். விலையைத் தீர்மானிப்பதில் அவ்வண்டி ஓடிய கிலோமீட்டர் கணக்கிற்குப் பெரும் பங்குண்டு. பழைய வாகன வியாபாரிகள் அரசின் அங்கீகாரம் பெற வேண்டுமென்னும் விதி 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. ஆயினும், பெயர் மாற்றத்திற்குரிய 29, 30-ஆம் எண் படிவங்களில் அக்கணக்கை எழுத இடமில்லை. அமெரிக்காவிலோ, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பவர் அதனை எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும்.

சட்டம் கேளாவிடினும் மார்க்கம் கேட்கிறது. தானியக் குவியலினுள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவினார்கள். மீட்டரைக் குறைத்து விற்பதும் ஈரத்தை மறைப்பதேயாகும். மறைத்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹுச் சட்டம் வாங்கியவருக்கு வழங்குகிறது.

ஆகவே, விற்பவர் உண்மையான கணக்கை ரசீதில் எழுதிக் கையொப்பமிடுவாராக. வாங்குபவர் அதனைப் பழைய சர்வீஸ் ரசீதுகளோடு ஒப்பிட்டுக்கொள்வாராக.