நம் முகத்தில் வரும் போலிகள்

"நானும் எஸ்.சி.தான். எனக்கு இட ஒதுக்கீடு வேண்டாம்." இட ஒதுக்கீடு பற்றி யார் எழுதினாலும் கீழே இப்படி ஒருவர் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டிபியில் அம்பேத்கர், பெயருக்குப் பக்கத்தில் நீல இதயம். உள்ளே போய்ப் பார்த்தால், கணக்கு தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. நேராக வந்து திட்டுபவருக்குப் பதில் சொல்ல நமக்குத் தெரியும். நம் முகத்தை மாட்டிக்கொண்டு வருபவரால்தான் நாம் நம் ஆட்களையே சந்தேகிக்கத் தொடங்குகிறோம்.

இது உலகெங்கும் நடக்கும் வேலை. 2014 ஜூனில், தந்தையர் தினத்தை ஒழிக்கச் சொல்லி ட்விட்டரில் ஒரு ஹேஷ்டேக் பரவியது. எழுதியவர்கள் கருப்பினப் பெண்ணியர்கள்போலத் தெரிந்தார்கள். ஷஃபீகா ஹட்சன் என்ற கருப்பினப் பெண்ணுக்கு அந்த மொழி இடித்தது; தங்கள் வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லை என்று அவருக்குத் தெரியும். 'உன் உள்பாவாடை வெளியே தெரியுது' என்ற பொருளில் ஒரு ஹேஷ்டேக் தொடங்கி, போலிகளை ஒவ்வொன்றாக அம்பலப்படுத்தினார். கருப்பினப் பெண்கள் பலர் கூடிச் செய்த அந்த வேலையில், 4சான் தளத்தில் போடப்பட்ட திட்டம் வெளியே வந்தது. ட்விட்டர் நிறுவனம் அவர்களுக்குப் பெரிதாகக் காது கொடுக்கவில்லை.

இரண்டே ஆண்டுகளில், அதே முகமூடி அமெரிக்கத் தேர்தலுக்குள் வந்தது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு நிறுவனம் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்திய 'பிளாக்டிவிஸ்ட்' என்ற ஃபேஸ்புக் பக்கத்துக்கு, பிளாக் லைவ்ஸ் மேட்டரின் சொந்தப் பக்கத்தைவிட அதிக லைக். போலீஸ் வன்முறை பற்றிய உண்மையான கோபத்தைப் பேசி நம்பிக்கை சம்பாதித்த இத்தகைய பக்கங்கள், தேர்தல் நெருங்கியதும் "ஓட்டுப் போட்டு என்ன பயன்?" என்று கேட்டன. அந்த நிறுவனம் கருப்பின மக்களைக் குறிவைத்த அளவுக்கு வேறு எந்தப் பிரிவினரையும் குறிவைக்கவில்லை என்று 2019-இல் செனட் குழு சொன்னது.

இந்தியாவிலும் இது நடந்தது. விவசாயிகள் போராட்ட காலத்தில் சீக்கியர்களாக நடித்து, போராட்டத்தைக் காலிஸ்தானிகள் கைப்பற்றிவிட்டதாகப் பரப்பிய 80 போலிக் கணக்குகளை லண்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு 2021 நவம்பரில் வெளிப்படுத்தியது. பல கணக்குகளில் இருந்தவை பஞ்சாபி நடிகைகளின் படங்கள்.

உடனே ஒரு தீர்வு சொல்வார்கள்: எல்லாக் கணக்குகளையும் ஆதாரோடு இணை. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே அப்படி ஒரு மனு வந்தது. நான் இதை முழுமையாக எதிர்க்கிறேன். சொந்தப் பெயரில் எழுதினால் வாடகை வீடு போகும், வேலை போகும், ஊரில் இருக்கும் அப்பா அம்மா பதில் சொல்ல வேண்டிவரும் என்பதால் புனைபெயரில் எழுதும் தலித் இளைஞர்கள் எத்தனை பேர்! ஃபேஸ்புக் 'உண்மைப் பெயர்' விதியைக் கறாராக்கியபோது, பெயர் பெயர்போல இல்லை என்று முடக்கப்பட்டவை அமெரிக்கத் தொல்குடியினரின் கணக்குகள். அடையாளத்தை மறைப்பது வேறு, அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவது வேறு.

அதிகாரம் உள்ளவருக்கு இந்த விதிகளும் வளைந்து கொடுக்கும். டெல்லித் தேர்தலுக்கு முன்பு, ஒரு போலிக் கணக்கு வலை பாஜக எம்.பி. ஒருவரின் சொந்தக் கணக்கோடு தொடர்புடையது என்று தெரிந்ததும், அதை நீக்கும் வேலை நின்றுபோனதாக ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் சோஃபி ஷாங் 2021-இல் சொன்னார்.

ஆகவே தோழர்களே, பெயர் உண்மையா என்பதோடு நிற்காதீர்கள். அந்தக் கணக்கு நம்மை என்ன செய்யச் சொல்கிறது? அதே வாக்கியத்தை அதே நேரத்தில் இன்னும் எத்தனை பேர் போடுகிறார்கள்? இயக்கத்தில் யாருக்காவது அவரைத் தெரியுமா? அதே சமயம், நம்மோடு முரண்படும் தலித்தையெல்லாம் 'போலி ஐடி' என்று முத்திரை குத்தவும் கூடாது. அப்படிச் செய்தால், போலிகள் செய்ய வந்த வேலையை நாமே முடித்துக் கொடுத்தவர்களாவோம். ஹட்சனால் போலியைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், அவருக்குத் தன் மக்களின் பேச்சு தெரிந்திருந்தது. நமக்கும் அந்தப் பழக்கம் திரைக்கு வெளியேதான் கிடைக்கும்.