கடைசி ஆஞ்சியோகிராம் வரை

மூளை இரத்தக்குழாய்ப் பிறழ்வுக்கான கதிர் அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. தலையில் தையல் இல்லை. நோயாளி அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார். இந்த எளிமையே, எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணத்தையும் விதைத்துவிடுகிறது.

தமனியும் சிரையும் இடையில் தந்துகிகள் இல்லாமல் நேரடியாகப் பின்னிக்கொண்ட முடிச்சைத்தான் 'ஏ.வி.எம்.' என்று குறிப்பிடுகிறோம். (திரைப்பட நிறுவனத்தின் பெயரா என்று புன்னகையோடு கேட்போரும் உண்டு.) கதிர் அந்த முடிச்சை அன்றே அகற்றுவதில்லை. கதிர் பட்ட குழாய்களின் உட்சுவர் மெல்லத் தடித்து, உள்வழி சுருங்கி, இறுதியில் அடைபட வேண்டும். அதற்குப் பொதுவாக 2 முதல் 3 ஆண்டுகள் ஆகும். சிலருக்கு 4 ஆண்டுகளும் ஆகும். முற்றிலும் அடைபடும் வரை இரத்தக்கசிவுக்கான வாய்ப்பு நீங்குவதில்லை. சிகிச்சை பெறாத முடிச்சுகளில் ஆண்டுக்கு 100 பேரில் ஏறத்தாழ 2 முதல் 4 பேருக்குக் கசிவு ஏற்படுகிறது. முன்பே கசிந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல். ஆகவே பின்தொடர் ஸ்கேன்களைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நாங்கள் கருதுகிறோம்.

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, இப்போது எதற்கு ஸ்கேன்?" என்று குடும்பத்தார் கேட்கின்றனர். அக்கேள்விக்குப் பின்னால் ஒரு நாள் கூலி இழப்பும், பயணச் செலவும், துணைக்கு வருபவரின் விடுப்பும் இருக்கின்றன என்பதை அறிவோம். ஆயினும் திறந்திருக்கும் முடிச்சு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. நலமாக உணர்வது, அது அடைபட்டதற்குச் சான்றாகாது.

முதல் சில ஆண்டுகளில் 6 மாதம் அல்லது ஓராண்டு இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம். இதில் கதிர்வீச்சு இல்லை. வேகமாக ஓடும் இரத்தம் படத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியும். முடிச்சு சுருங்கச் சுருங்க அவை குறையும். சிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய 6 முதல் 18 மாதங்களுக்குள், சுற்றியுள்ள மூளைத் திசுவில் வெண்ணிறப் படலம் ஒன்றும் தென்படலாம். ஸ்கேன் மையத்தின் வாசலிலேயே உறையைப் பிரித்து, 'எடிமா' என்ற சொல்லைக் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, இரவெல்லாம் உறங்காமல் வந்து சேர்பவர்கள் பலர். இந்த மாற்றம் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் படத்தில் தெரியும். தலைவலி, வலிப்பு, கைகால் தளர்ச்சி போன்ற தொல்லை தருவது பத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான். நிலையான பாதிப்பு அதனினும் அரிது. பெரும்பாலும் தானே வடியும். தேவைப்பட்டால் ஸ்டீராய்டு மருந்து உண்டு.

எங்கள் அழுத்தமான கருத்து, கடைசி ஆஞ்சியோகிராம் பற்றியது. "எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமில்லை என்றீர்களே, மறுபடியும் தொடை வழியாகக் குழாய் செலுத்த வேண்டுமா?" என்ற தயக்கம் இயல்பானது. ஆனால் சில மில்லிமீட்டர் அளவில் எஞ்சிய முடிச்சு எம்.ஆர்.ஐ.யின் பார்வைக்குத் தப்பிவிடலாம். ஆஞ்சியோகிராம் இரத்தம் ஓடும் வரிசையையே காட்டுகிறது. சிரை உரிய நேரத்திற்கு முன்பே நிறைந்தால், முடிச்சு இன்னும் உயிர்ப்போடு இருக்கிறது என்று பொருள். எஞ்சியது சிறிதேயானாலும் கசியக்கூடும். அது தெரிந்தால்தான் மறுசிகிச்சை பற்றி முடிவெடுக்க இயலும். 1970-இல் ஸ்டாக்ஹோமில், லார்ஸ் லெக்செல் உருவாக்கிய காமா கருவியைக் கொண்டு லாடிஸ்லாவ் ஸ்டெய்னர் முதன்முதலாக இம்முடிச்சுக்குச் சிகிச்சை அளித்த காலத்தில் எம்.ஆர்.ஐ.யே இல்லை, பலனை அறிய ஆஞ்சியோகிராம் ஒன்றே வழி. அரை நூற்றாண்டு கடந்தும் இறுதிச் சொல் அதனுடையதே.

அதற்கும் ஆபத்து உண்டு. பக்கவாதம் போன்ற பாதிப்பு, அனுபவமுள்ளோர் கையில், 100-இல் ஒருவருக்கும் குறைவு. சிறுநீரகம் பழுதுபட்டோர், மிக முதியோர் ஆகியோருக்கு எம்.ஆர்.ஐ.யோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகலாம். களைப்பினாலோ பணத்தட்டுப்பாட்டினாலோ கைவிடுவது வேறு. அந்நிலையில் எங்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், காப்பீட்டுக்கும் உதவிக்கும் வழி தேடலாம். மருத்துவமனைகளுக்கும் கடமை உண்டு: சிகிச்சை நாளன்றே முழு அட்டவணையையும் செலவையும் எழுதிக் கொடுக்க வேண்டும், ஸ்கேனுக்கு ஒரு நாள், ஆலோசனைக்கு வேறொரு நாள் என்று அலைக்கழிக்கக் கூடாது.

அடைபட்ட பின்னரும், பல ஆண்டுகள் கழித்து அவ்விடத்தில் நீர்க்கட்டி தோன்றுவது அரிதாக உண்டு. குழந்தைகளுக்கு முடிச்சு மீண்டும் உருவாவதும் உண்டு. எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. தொடரும். திடீர்க் கடுந்தலைவலி, வாந்தி, வலிப்பு, கைகால் தளர்ச்சி ஏற்பட்டால் குறித்த தேதிக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். கருவுற்றிருப்போரும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உட்கொள்வோரும், முன்பு சாய மருந்து ஒவ்வாமல் போனவர்களும் பரிசோதனைக்கு முன்பே தெரிவியுங்கள். பழைய ஸ்கேன்களின் சி.டி.யையும் மறவாமல் எடுத்து வாருங்கள். முதல் படத்தோடு ஒப்பிட்டால்தான் இன்றைய படம் எங்களுக்கு விளங்கும்.