வண்டியின் விசிறி சுழல்கிறதா?

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நேயர்கள் பலர் இப்போது இரயிலை விட்டுச் சொந்தக் காரிலேயே புறப்படுகின்றனர். மும்பையிலிருந்து புணே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு வழியாகச் சேலம் சேர ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் ஆகிறது. குழந்தைகளும் முதியோரும் உடனிருக்க, நடுவழியில் வண்டி கொதித்து நின்றுவிட்டால் படும் பாடு சொல்லி மாளாது. ஆதலின் ரேடியேட்டர் விசிறியைப் பற்றி இத்திங்கள் சிறிது எழுதத் துணிந்தோம்.

பழைய அம்பாஸடரில் இஞ்சினே பெல்ட் வழியாக விசிறியைச் சுழற்றிற்று. இக்காலத்துச் சிறு கார்களிலோ அதற்கெனத் தனி மின்மோட்டார் உண்டு. நீரின் வெப்பம் ஏறத்தாழ 95 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது சென்ஸார் அறிவிக்க, ரிலே மின்சாரத்தைத் திறந்துவிட, விசிறி சுழலத் தொடங்கும். வண்டி விரைந்தோடும்போது எதிர்காற்றே போதும். நிற்கும்போதுதான் விசிறிக்கு வேலை.

நோயறியும் வழியும் இதிலேயே அடங்கியிருக்கிறது. செம்பூர் நெரிசலிலும் சுங்கச்சாவடி வரிசையிலும் வெப்பமுள் ஏறி, சாலையில் ஓடியதும் இறங்குமாயின் விசிறியை ஐயுறுக. நல்ல வேகத்திலும் ஏறுமாயின், நீர்க்குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், நீர்ப்பம்பு ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். இவ்வேறுபாட்டைக் கேளாமலே புதிய மோட்டாரை மாட்டிவிடும் பட்டறைகளும் உண்டு.

வண்டியை நிறுத்தி, இஞ்சின் ஓடும் நிலையில் ஏ.சி.யைப் போடுக. பெரும்பாலான கார்களில் சிறிது நேரத்திலேயே விசிறி சுழல வேண்டும். புடைவைத் தலைப்பும் துண்டும் அருகே செல்லலாகாது. ஏ.சி.க்குச் சுழன்று, வெப்பத்துக்கு மட்டும் சுழலாவிடில், சென்ஸாரையோ அதன் கம்பியையோ ஐயுறலாம். இரண்டுக்கும் சுழலாவிடில் ஃப்யூஸைப் பார்க்க. எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே போடுக; பெரிய ஃப்யூஸோ செம்புக் கம்பியோ செருகுவது தீயை வரவழைப்பதாகும். புதியதும் எரிந்தால் மோட்டார் இறுகியிருக்கலாம், அல்லது கம்பி உராய்ந்திருக்கலாம். ஃப்யூஸ் நலமாயின், பெட்டியிலுள்ள அதே எண்ணுடைய வேறொரு ரிலேயை மாற்றிப் பார்க்கலாம். அதிலும் பயனில்லையெனில், மெக்கானிக்கைக் கொண்டு பாட்டரியிலிருந்து நேரே மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுக. அப்போதும் அசையாவிடில் மோட்டார் போயிற்று என்று கொள்ளலாம். நம் ஊர் மெக்கானிக்கிடம் 'பங்கா' என்றால் உடனே புரியும்.

மோட்டாரைப் பழுதுபார்த்தபின் கம்பிகள் இடம் மாறினால் விசிறி எதிர்த்திசையில் சுழலும். இதனைப் பலர் கவனிப்பதில்லை. விசிறி ரேடியேட்டருக்குப் பின்னே இருக்குமாயின், முன்புறம் ஒரு தாளைப் பிடித்துப் பார்க்க. அஃது உள்ளே இழுபட்டு ஒட்ட வேண்டும்.

இஞ்சினை அணைத்தபின்னும் விசிறி ஓடுகிறதென்று சில நேயர்கள் அஞ்சுவதுண்டு. சில நிமிடம் ஓடி நிற்பது பல கார்களின் இயல்பே. குளிர்ந்த இஞ்சினிலும், ஏ.சி. போடாமலே, ஓயாது ஓடினால்தான் ரிலே ஒட்டிக்கொண்டதா, சென்ஸாரின் இணைப்புக் கழன்றதா என்று பார்க்க வேண்டும். எதுவாயினும், திடீரென்று சுழலக்கூடிய விசிறியில், பாட்டரி இணைப்பைக் கழற்றாமல் கை வைத்தல் ஆகாது.

வழியில் முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுமையாகத் திறந்து, ஓரங்கட்டுக. சிவப்பைத் தொட்டுவிட்டால் இஞ்சினை உடனே அணைக்க. மேலும் ஓட்டினால் ஹெட் காஸ்கெட் போய்ச் செலவு பன்மடங்காகும். அரைமணி நேரமேனும் பொறுத்து, ரேடியேட்டர் தொடக்கூடிய அளவு ஆறிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் முகத்தில் பாய்ந்து வெந்துவிடும். பிள்ளைகளை அப்பக்கம் விடாதீர்கள்.