ராத்திரி தடவினால் காலையில் விட்டுவிடுமா?

கேள்வி: "நாற்றுப் பறிக்கவும் நடவுக்கும் கூலிக்குப் போகிறேன். பத்து நாளாக வலது கை கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் குத்துகிறது. குழம்புச் சட்டியை இறக்கினால்கூட உயிர் போகிறது. நரம்பு பிசகிவிட்டது என்கிறார்கள். இன்னும் எட்டு நாள் நடவு இருக்கிறது. போகாவிட்டால் அந்தக் கூலி போய்விடும். மருந்துக் கடையில் எந்தத் தைலம் அல்லது டியூப் வாங்கி ராத்திரி தடவிப் படுத்தால் காலையில் வேலைக்குப் போகலாம்?"
– ஒரு வாசகி, திருவிடைமருதூர்.

பதில்: சகோதரி, ஒரே ராத்திரியில் வலியைக் குறைக்கலாம். ஒரே ராத்திரியில் குணமாக்க முடியாது. டியூபில் இருக்கும் மருந்து எதுவானாலும் இதுதான் நிலைமை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம் பக்கத்தில் நரம்பு என்று சொல்கிறோமே, அதில் பாதி நரம்பே இல்லை. சதையை எலும்போடு கட்டுகிற வெள்ளைக் கயிறு ஒன்று உண்டு. டாக்டர்கள் அதைத் தசைநாண் என்பார்கள். குதிகாலுக்கு மேலே தொட்டால் கயிறு மாதிரி தட்டுப்படுவது அதுதான். நரம்பு வலி என்று நினைத்து, சத்து மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கி விழுங்குகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். நாண் வலியை அந்த மாத்திரை தொடாது. அந்தக் காசுக்கு முட்டை வாங்கிச் சாப்பிடலாம்.

கட்டை விரலை விரிக்கிற இரண்டு நாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே குழலுக்குள் ஓடுகின்றன. நாற்றைப் பிடிக்கும்போது கட்டை விரல் இறுகுகிறது. பறிக்கும்போது மணிக்கட்டு சுண்டு விரல் பக்கம் வளைகிறது. வேரிலுள்ள சேற்றை அலசும்போது இன்னொரு வெட்டு வெட்டுகிறது. பொழுது விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை இதே வேலை. உள்ளே ஓடுகிற கயிறு உரசி உரசி, குழலின் சுவர் தடித்துப்போகிறது. 1895-ல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவர்வெய்ன் இதை விவரித்து எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கைக்குழந்தையைத் திரும்பத் திரும்பத் தூக்குகிற தாய்மார்களுக்கும் இது வரும்.

உங்களுக்கு அதுதானா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடித்து, மற்ற விரல்களால் மூடிக்கொள்ளுங்கள். அந்த முஷ்டியை மெதுவாகச் சுண்டு விரல் பக்கம் சாயுங்கள். கட்டை விரலின் அடியில் சுருக்கென்று இழுத்தால் அநேகமாக அதுதான். ஒரு தடவை பார்த்தால் போதும். பக்கத்து வீட்டாருக்கெல்லாம் செய்து காட்டி வலியை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

இனி மருந்துக் கடைக்கு வருவோம். அங்கே இரண்டு சாதி மருந்து இருக்கிறது. ஒன்று, நமக்குப் பழக்கமான தைலம். 1893-ல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன், சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் தவறாமல் இருக்கும் கோடாலித் தைலம் எல்லாம் இந்த வகை. பச்சைக் கற்பூரம், புதினா உப்பு என்கிற மெந்தால், விண்டர்கிரீன் எண்ணெயில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் போன்றவைதான் இவற்றின் சரக்கு. குளிர்ச்சியை உணர்கிற நரம்பு முனையை மெந்தால் தூண்டிவிடுகிறது. அந்தக் குளுகுளுப்பில் மூளை வலியைக் கொஞ்சம் மறக்கிறது. மிளகாயின் காரமும் இப்படித்தான், ஆனால் அது சூட்டை உணர்கிற முனையைத் தூண்டும். இந்த உணர்விகளைக் கண்டுபிடித்த ஆராய்ச்சிக்குத்தான் 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆக, தைலம் ஏமாற்று வேலை இல்லை. தூங்க வைக்கும். ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது, டைக்ளோஃபினாக் ஜெல். இது வீக்கத்தைக் கிளப்புகிற ரசாயனத்தையே குறைக்கும் மருந்து. திடீரென்று வந்த சுளுக்கு, நாண் வலிக்கு இதற்கு நல்ல சான்று இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஒரு வாரத்தில் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு வலி வெகுவாகக் குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் இரண்டு மூன்று பேருக்குத்தான் குறைந்தது. கவனியுங்கள், ஒரு வாரத்தில். நம்மூரில் விற்கும் பல டியூப்களில் இதோடு மெந்தாலையும் மெத்தில் சாலிசிலேட்டையும் கலந்திருப்பார்கள். தடவியதும் ஜில்லென்று தெரிவது மெந்தால். மெதுவாக வேலை செய்வது டைக்ளோஃபினாக். டியூபின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மக்கள் மருந்தகத்தில் பெரிய கம்பெனிப் பெயர் இல்லாமல் இதே ஜெல் விலை குறைவாகக் கிடைக்கும். என்னைக் கேட்டால் உங்கள் வலிக்கு இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

இன்று ராத்திரி செய்ய வேண்டியது இதுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்த நாளானால் குளித்த பிறகுதான் தொட வேண்டும். புளியங்கொட்டை அளவு ஜெல்லை வலிக்கிற இடத்திலும் அதைச் சுற்றியும் மெதுவாகப் பரப்புங்கள். நீவி உருவி எடுக்க வேண்டாம், அந்த உரசல்தான் நோய். பத்து நிமிடம் காயட்டும். பிறகு கட்டை விரல் மடங்காதபடி ஒரு துணிப் பட்டையைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு படுங்கள். மருந்துக் கடையில் கட்டை விரலுக்கென்றே பட்டை விற்கிறார்கள், முடிந்தால் அது இன்னும் நல்லது. தூக்கத்தில் விரலை மடக்கிக்கொண்டு படுப்பதால்தான் பலருக்குக் காலையில் வலி கூடுகிறது. ஒரு வேளையோடு நிறுத்தாமல், நாளைக்கு மூன்று வேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் டாக்டரைக் கேட்காமல் தொடர வேண்டாம்.

ஜெல்லோ தைலமோ தடவிய இடத்தில் உப்பு ஒத்தடம், வெந்நீர்ப் பை, பிளாஸ்டிக் சுற்றிக் கட்டுவது எதுவும் கூடாது. சூடு சேர்ந்தால் தோல் வெந்துவிடும். மெந்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் அதிகமுள்ள பூச்சுகளால் தோல் வெந்த சம்பவங்கள் வந்ததும் 2012-ல் அமெரிக்க மருந்து நிர்வாகமே எச்சரித்தது. சர்க்கரை வியாதியால் மதமதப்பு இருப்பவர்களுக்குச் சூடு உறைப்பதே தெரியாது, அவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். நொச்சி இலை ஒத்தடம் பழக்கமிருந்தால் செய்யுங்கள். ஜெல் தடவாத வேளையில், பொறுக்கிற சூட்டில்.

ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் கேட்காமல் வாங்க வேண்டாம். புண்ணிலும் வெடிப்பிலும் படக்கூடாது. தடவிய இடத்தில் நேர் வெயில் படாமல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தைலக் குப்பியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கற்பூரம் குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கும். சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் 20-க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரையை விழுங்கியதற்குச் சமம். பால் கறப்பதற்கு முன்னால் கையை நன்றாகக் கழுவுங்கள், இல்லையென்றால் மாடு உதைத்துப் புரிய வைக்கும். மிச்சமுள்ள டியூபை மாட்டின் முட்டிக்குத் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். செத்த மாட்டின் உடலில் இருந்த டைக்ளோஃபினாக்தான் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால்நடைக்கு அதைக் கொடுக்க 2006-லேயே தடை வந்துவிட்டது.

அடுத்தது உங்கள் எட்டு நாள். முழு ஓய்வு எடு என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம், உலை வைக்க வேண்டியது நீங்கள். அதனால் வேலையை மாற்றிக் கேளுங்கள். நாற்றுப் பறிப்பதுதான் இந்த நாணுக்கு மிகக் கெடுதல். கூட்டிப் போகிறவரிடம் சொல்லி, பறிப்பதை விட்டுவிட்டு, முடிகளை இடது கையால் எடுத்து வயலில் வீசிப்போடுகிற வேலையைக் கேட்கலாம். நடவு நட்டே ஆக வேண்டுமானால் கட்டை விரலால் அழுத்தாமல் விரல் நுனிகளைச் சேர்த்து ஊன்றுங்கள். மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள். வீட்டில் சட்டியை இரண்டு கையாலும் பிடித்து இறக்குங்கள், துணி பிழிவதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். வலி மரத்திருக்கிறது என்று ஜெல்லைத் தடவிக்கொண்டே முன்னைப்போல் பறித்தால், சில வாரங்களில் ஆறுவது மாதக்கணக்கில் இழுக்கும். நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் அது மெதுவாகத்தான் ஆறும்.

எல்லா வலியும் நாண் வலி ஆகாது. சேற்று வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை வலித்து, கண்ணும் சிவந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தைலத்தை வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சு அடைப்போடு இடது தோள், கை வலித்தால் 108. மணிக்கட்டு சிவந்து, சுட்டு, வீங்கினால் சீழ் பிடித்திருக்கலாம். சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற மாத்திரை சாப்பிடும்போது குதிகால் நாண் வலித்தால், கொடுத்த டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அந்த வகை மருந்து சிலருக்கு நாணையே அறுத்துவிடும்.

இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் கும்பகோணம் அரசு தலைமை மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். குழலுக்குள் ஒரு ஊசி போட்டாலே பலருக்குச் சரியாகிறது. அதை அவர்தான் போட வேண்டும், கண்ட இடத்தில் வலி ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். போகும்போது தடவிக்கொண்டிருக்கும் டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள்.