பகுப்புகள் எம்மொழியின் உடைமை?

2004 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற விக்கிமீடியா பொதுவகம் இன்று பத்துக் கோடிக்கு மேற்பட்ட கோப்புகளைக் கொண்டுள்ளது. எல்லா மொழியினர்க்கும் உரியதெனப் பேசப்படும் அக்களஞ்சியத்தின் பகுப்புப் பெயர்களோ பொதுவிதியாக ஆங்கிலத்திலேயே அமைகின்றன. உயிரினங்களுக்கு இலத்தீன் பெயர். பனையை நாடிச் செல்லும் மாணவன் 'பொராசசு' என்னும் வாயிலிலே தடைப்படுகின்றான்.

பொதுமொழி ஒன்றின்றிப் பகுத்தல் இயலாது என்பாருளர். 2004 இல் அக்கூற்று ஏற்கத்தக்கதே. பகுப்பு ஒரு சொற்றொடராயிருக்கும்வரை ஏதேனும் ஒரு மொழியைச் சார்ந்தே நிற்கும். ஆனால், 2012 இல் தோன்றிய விக்கித்தரவு, பொருளுக்கு ஓர் எண்ணையும் அவ்வெண்ணுக்கு மொழிதோறும் பெயரையும் வழங்கிற்று. ஒரு படம் எதனைச் சித்திரிக்கின்றது என்பதை 2019 முதல் அவ்வெண்ணாற் குறிக்கலாம். படவிளக்கத்தையும் பன்மொழிகளில் எழுதலாம். தேடல் இவ்வழியே திருந்தி வருகின்றது. பகுப்புகளோ பழைய நிலையிலேயே உள்ளன. படங்களிடையே உலாவுதற்கு ஆங்கிலப் பகுப்பு மரத்தையே இன்னும் பேணுவது இயலாமையன்று, பழக்கத்தின் பிடிவாதமே.

குற்றம் அங்கு மட்டுமோ? நுங்கையும் பனாட்டையும் ஒடியலையும் படமெடுத்து ஏற்றும் நம்மவரும் ஆங்கில விளக்கத்தோடு அமைந்துவிடுகின்றனர். எண் இருந்தும் தமிழ்ப்பெயர் இடப்படாவிடின், கருவி என் செய்யும்? உரிமை கோருவோர் முதலிற் பெயரிடுக.